பதினோரு நொடியும் பதினைந்து முத்திரையும்

"தாங்களாகவே விரும்பி வருமாறு கட்டாயமாகக் கேட்டுக்கொள்கிறோம்" என்று நகராட்சியிலிருந்து வந்த அந்தக் கடிதம் முடிந்திருந்தது. நான் மூன்று தடவை படித்தேன். மேலாளர் தாதேனோ, மீன் விழுது பிசையும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் பக்கத்திலேயே நின்று நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடத்தில் அந்த இயந்திரம் எனக்காக நின்றது அன்றைக்குத்தான்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலை சார். அனிமே பார்த்தேன்."

"அது எல்லாரும் பார்க்கறதுதான். பார்த்துட்டு என்ன பண்ணினே?"

"கருத்து எழுதினேன்."

அவர் தலையிலிருந்த வலைத் தொப்பியைக் கழற்றிப் பிசைந்தார். "அடப்பாவி! வீட்ல வச்சுக்க வேண்டியதை எல்லாம் வெளியில வைப்பியா?" என்றார்.

என் பெயர் நுகாதா கெய்ஜி. வயது நாற்பத்தொன்று. ஓகிசே என்கிற துறைமுக ஊரில், மீன் விழுதை அச்சில் அழுத்தி வேகவைத்துக் காமபோகோ செய்கிற தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்தால் அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன் தொடர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுத் தொடர்கள் ஐம்பது வரும்; அதில் குறைந்தது முப்பதைப் பார்த்துவிடுவேன். பார்த்ததைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் வைத்து எழுதுகிறேன். அதைப் படிப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் ஒருவர் என் பல் டாக்டர்.

நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் எனக்கு ஒத்துவராது. தொடர் முடிந்ததும் வெந்நீர்த் தொட்டியில் இறங்கி உட்காருவேன். எத்தனை நிமிடம் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அதை எழுதுவேன். 'நீராவிக் கோட்டை' என்று ஒன்று. ராட்சத இயந்திரங்கள் சண்டை போடும். குண்டு பாய்ந்து வரும்போது கதாநாயகன் தன் இளமைக் காலத்தை ஆறு நிமிடம் நினைத்துப் பார்க்கிறான். அதுவரைக்கும் குண்டும் மரியாதையாகக் காத்திருக்கிறது. அதற்குத் தொட்டியில் இறங்கவே இல்லை, ஷவரோடு முடித்துக்கொண்டேன். 'வடக்குத் தெரு கைப்பந்துக் குழு'வில் ஒரே ஒரு சர்வ் மூன்று எபிசோடு. பந்து மேலே போன வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் ஓய்வு பெற்றார். அது கீழே வருவதற்குள் அவர் இடத்துக்குப் புது ஆள் வந்து வேலையும் பழகிவிட்டார். ஆனால் அதில் அணித் தலைவி விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொள்கிற காட்சி ஒன்று உண்டு. அதற்காகப் பதினெட்டு நிமிடம்.

'மறுபிறவியில் நான் கதவுத் தாழ்ப்பாள்' என்ற பெயரைக் கேட்டு நானும் சிரித்தவன்தான். முதல் நான்கு எபிசோடில் அந்தக் கதவை யாருமே திறக்கவில்லை. ஐந்தாவதில் ஒரு பெண்ணின் கை வந்து தாழ்ப்பாளைத் தொடுகிறது, தயங்குகிறது, திறக்காமலே திரும்பிப் போகிறது. இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தொட்டியில்தான் உறைத்தது: பிளாஸ்டர் சுற்றிய விரலையும் இந்த விரலையும் வரைந்தது ஒரே ஆள். கடிதத்தைப் பார்த்ததுமே எழுதியவர் யார் என்று தெரிவதில்லையா, அந்த மாதிரி. மடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கிற விரல்கள் அவை. ஒரு தொடரை நூறு பேர் சேர்ந்து வரைகிறார்கள். இந்த ஆள் யார் என்று எந்தப் பெயர்ப் பட்டியலிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம் வந்ததுதான் 'கடல்முடிச்சு'. மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் கடலைப் பார்த்துக் கத்துவார்கள். எதற்கென்று கடைசி வரை கடலுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஊருக்கு அது உயிர். முதல் எபிசோடில் ஒரு கலங்கரை விளக்கம் வருகிறது, எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. ஆகவே கதை நடப்பது இங்கேதான் என்று நகராட்சி முடிவு கட்டிவிட்டது. டோக்கியோவில் இருக்கிற தயாரிப்புக் குழுவைக் கேட்டதற்கு, "ரசிகர்களின் கற்பனைக்கே விட்டுவிட விரும்புகிறோம்" என்று பதில் வந்ததாம். எங்கள் நகராட்சி மொழியில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். உடனே பதினான்கு அமைப்புகள் சேர்ந்து 'ஓகிசே அனிமே ஆதரவுப் பேரவை' பிறந்தது. சாக்கடை மூடியெல்லாம் அந்த மூன்று பெண்கள். எங்கள் காமபோகோவை எங்கே வெட்டினாலும் மூவரில் ஒருத்தி முகம் தெரியும்.

என் கருத்து இவ்வளவுதான்: "'கடல்முடிச்சு', பன்னிரண்டு எபிசோடு. பதினொன்றுக்கு ஷவர் போதும். ஏழாவதில் பதினோரு நொடி, ஒரு அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசாமல் ஒரு கமலா ஆரஞ்சு உரிக்கிறாள். நாற்பது நிமிடம், தண்ணீர் ஆறிப்போனது. தாழ்ப்பாளைத் தொட்ட அதே கை. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி எங்கள் ஊர் மீனவர் குடியிருப்பு மூன்றாம் கட்டடத்துடையது. வரைந்தவர் அந்தச் சமையலறையில் நின்றவர். தொடர் முழுக்க எங்கள் ஊர் என்று சொல்லத் தகுந்தது இந்தப் பதினோரு நொடி மட்டும்தான். வரைந்தவர் பெயர் பட்டியலில் இல்லை."

இதைப் படித்துவிட்டு ஏழு பேர் கேமராவோடு ஊருக்கு வந்தார்கள். அதுதான் வினை. பேரவைத் தலைவர் தோயோமாசுவின் மஞ்சூ கடை வாசலில், மூன்று பெண்களின் அட்டை உருவங்களும் பயத்தம் பூரணம் வைத்து வேகவைத்த மஞ்சூ பணியாரமும் அவர்களுக்காகக் காத்திருந்தன. அவர்களோ நேராக மீனவர் குடியிருப்புக்குப் போய்த் துருப்பிடித்த தொட்டியைப் படம் பிடித்துவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு நகராட்சி மூன்றாம் மாடியில் ஆஜரானேன். நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். ஓரத்தில், குறிப்பெழுத ஒரு பெண். அரிமுரா என்று பெயர், வருட ஒப்பந்தத்தில் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்ததும் அவர்தான். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நுகாதா-சான், பயப்படாதீங்க. இது விசாரணை இல்லை" என்றார் பிரிவுத் தலைவர் குருமிசாவா. மெலிந்த மனிதர், எதைச் சொன்னாலும் பேரவைத் தலைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். "இது கருத்து ஒத்திசைவுக் கூட்டம். உங்க கருத்து உங்களோடதுதான். அது எங்களோடதாவும் இருந்தா இன்னும் நல்லாருக்கும், அவ்வளவுதான்."

என் கருத்தைத் தாளில் அச்சடித்து ஒரு சிவப்புப் பேனாவோடு மேசையைச் சுற்றி விட்டார்கள். முதலில் வாங்கியவர் ரயில் நிலைய அதிகாரி.

"'நாற்பது நிமிடம்'னு இருக்கு. எங்க வண்டி நாற்பது நிமிஷம் லேட்டுன்னு ஜனங்க நினைச்சுக்கமாட்டாங்களா?" என்று அடித்தார்.

"'ஆறிப்போனது' வேண்டாமே. ஊர் வியாபாரமே ஆறிப்போச்சுன்னு தொனிக்குது" என்று வங்கிக்காரர் அடித்தார்.

கல்விக் குழு அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஒரு தாய் தனியா உட்கார்ந்து பழம் உரிக்கிறா. பக்கத்துல குழந்தையைக் காணோம். குழந்தைக்குக் குடுக்கறாளா இல்லையா? அது தெரியாம இதை நாங்க அங்கீகரிக்க முடியாது." அம்மா போனாள், ஆரஞ்சும் போனது.

இரும்புக்கடைக்காரர் சங்கத்துக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "தாழ்ப்பாளை இதுல ஏன் இழுக்கணும்? எங்க சங்கத்துல இருபத்திரண்டு பேர் தாழ்ப்பாள் வித்துப் பிழைக்கிறோம்!"

"ஐயா, நான் தாழ்ப்பாளைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கேன்" என்றேன்.

"அப்போ கொண்டியைப் புகழலைன்னு ஆகுதில்ல?" என்றார். தாழ்ப்பாளையும் அடித்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் தாள் முழுக்கச் சிவப்பாகி என்னிடம் திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது: "'கடல்முடிச்சு' ஒரு அனிமே." குருமிசாவா அதை உரக்கப் படித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். வங்கிக்காரர் மட்டும், "அனிமேன்னு இவ்வளவு அடிச்சுச் சொல்லணுமா?" என்று இழுத்தார், பிறகு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

நான் எழப் போனேன். "உட்காருங்க. இனிமேதான் விஷயம்" என்றார் குருமிசாவா.

அவர் ஒரு பெரிய தாளை விரித்தார். தொலைக்காட்சியில் ஓடி முடிந்த தொடரை டிஸ்க்கில் போடும்போது சில படங்களைத் திருத்திப் புதிதாக வரைவது வழக்கம். ஏழாம் எபிசோடின் அந்தப் பதினோரு நொடியை எடுத்துவிட்டு வேறு காட்சி வைக்கும்படி பேரவை தயாரிப்புக் குழுவிடம் கேட்டிருக்கிறது. புதுக் காட்சியில் மூன்று பெண்களும் தோயோமாசுவின் கடை வாசலில் நின்று மஞ்சூ தின்றுகொண்டு, "எவ்வளவு இனிமையான ஊர்!" என்பார்கள். ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, எல்லா முத்திரையும் வைத்து, வியாழன் நாலு மணிக்குள் அனுப்பினால் செய்வதாக டோக்கியோ ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. "அதை எடுத்துட்டா அந்தப் பதினோரு நொடி எங்கேயும் இருக்காதே!"

"அதனாலதான் எடுக்கறோம்" என்றார் குருமிசாவா பணிவாக.

"இங்கே யாராவது அந்த எபிசோடைப் பார்த்திருக்கீங்களா?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். அரிமுராவின் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தலைவர் தோயோமாசு தொண்டையைச் செருமினார்.

"நல்ல கேள்வி. நான் பார்க்கலை" என்றார். "பார்க்கக் கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டேன். பார்த்தா ஒரு கருத்து வந்துரும். தலைவனுக்குக் கருத்துன்னு ஒண்ணு வந்துட்டா நடுநிலை போயிரும். நாப்பது வருஷமா நான் மஞ்சூ விக்கிறேன், இன்னிக்கு வரைக்கும் அது எப்படி இருக்குன்னு யார்கிட்டயும் கேட்டதில்லை. கேட்டா சொல்லிருவாங்க! இந்தப் பேரவையும் அப்படித்தான் நடக்கணும்."

கைதட்டினார்கள். கல்விக் குழு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு சின்ன உதவி" என்றார் குருமிசாவா. "தீர்மானத்தை ரசிகர் பிரதிநிதியா நீங்களே முன்மொழிஞ்சா ரொம்ப அழகா இருக்கும். முதல்ல மன்னிப்பு, அப்புறம் முன்மொழிவு." பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய மரக் கோணமானியை என் இடுப்பில் வைத்து, நாற்பத்தைந்து பாகை வரை என்னை மடக்கிப் பார்த்தார். எனக்கு நாற்பத்தொன்றிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. வீட்டில் பயிற்சி எடுக்கச் சொன்னார்.

"முன்மொழிய மாட்டேன்னா?"

குருமிசாவா தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். "காமபோகோவுல அந்தப் பொண்ணுங்க முகத்தைப் போடுற அனுமதி பேரவை குடுத்தது. அதை எடுத்துட்டா உங்க தொழிற்சாலையில எத்தனை பேருக்கு வேலை இருக்கும்னு தாதேனோ-சான்கிட்ட கேளுங்க" என்றார் குருமிசாவா. அவருக்கே சங்கடமாக இருந்தது போல, கோணமானியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

கேட்டேன். ஒன்பது பேர் போகவேண்டியிருக்கும் என்றார் தாதேனோ.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலை மட்டும் என்றால் போடா என்று சொல்லியிருப்பேன். ஒன்பது பேர். அவர்கள் யாரும் அனிமே பார்ப்பவர்கள் இல்லை. கமலா ஆரஞ்சை யார் எப்படி உரித்தால் அவர்களுக்கென்ன? அந்தப் பதினோரு நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, அழுத்தாமல், ஒரு நொடி நிற்கிறாள். அப்புறம் தோலைக் கிழிக்காமல் ஒரே சுருளாகக் கழற்றி, அதே தோலைக் கிண்ணம் மாதிரி மேசையில் வைத்து, சுளைகளை அதற்குள்ளேயே திரும்ப அடுக்குகிறாள். யாருக்கோ எடுத்து வைக்கிறாள். அந்த யாரோ வரவில்லை.

வியாழக்கிழமை ஒரு மணிக்கே போய்விட்டேன். கூட்டம் இரண்டு மணிக்கு. அறையில் அரிமுரா மட்டும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்தார்.

அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். அழுத்தாமல் ஒரு நொடி நின்றார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தோல் ஒரே சுருளாகக் கழன்று மேசையில் உட்கார்ந்தது. சுளைகளை ஒவ்வொன்றாக அதற்குள் அடுக்கி, என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீங்களா?" என்றேன்.

"மூணாம் கட்டடம், ரெண்டாவது மாடி. அம்மா மீன் பதனிடுற இடத்துல வேலை பார்த்தா. நான் பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள இப்படி உரிச்சு வச்சுட்டுப் போயிருவா." சாதாரணமாகத்தான் சொன்னார். "டோக்கியோவுல பதிமூணு வருஷம் வரைஞ்சேன். அந்தப் பதினோரு நொடிக்குப் பதினேழு நாள் ஆச்சு. அதோட மணிக்கட்டு போச்சு, ஊருக்கு வந்துட்டேன்."

"உங்க பேரு ஏன் பட்டியல்ல இல்லை?"

"இடம் இல்லைன்னாங்க. அந்த எபிசோடு கடைசியில 'ஒத்துழைப்பு'ன்னு போட்டு நம்ம பேரவையோட பதினாலு அமைப்புப் பேரும் வருதில்ல? அதுக்காகக் கீழே இருந்தவங்களைக் கொஞ்சம் எடுத்துட்டாங்க."

"அட கடவுளே! திங்கட்கிழமை நீங்க எதுவுமே சொல்லலையே?"

"ஒப்பந்த ஊழியர் கூட்டத்துல கருத்துச் சொல்லக் கூடாது. பதினோராவது விதி."

"நான் முன்மொழிய மாட்டேன் அரிமுரா-சான். என்ன ஆனாலும் சரி."

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "முன்மொழியுங்க. ஒன்பது பேர் வீட்ல அடுப்பு எரியணும். நல்லாக் குனிஞ்சு, சத்தமாப் படிங்க. எழுதறது நான்தான்."

அவர் மனசு விட்டுப்போய்ச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஆத்திரமும் அவமானமும் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு சுளை வாயில் போட்டேன்.

இரண்டு மணிக்குக் கூட்டம். குனிந்தேன். குருமிசாவா கோணமானியோடு பக்கத்தில் நின்று, "நாற்பத்து மூணு... நாற்பத்து நாலு... அப்படியே" என்றார். ஊர் மனம் புண்படும்படி கருத்து வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பதினோரு நொடியை நீக்கி மஞ்சூக் கடைக் காட்சியை வைக்கும்படி என் வாயாலேயே முன்மொழிந்தேன். அரிமுராவின் பக்கம் பார்க்கத் துணிவு வரவில்லை. எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். யாரும் பேசவில்லை. பேசவேண்டியதையெல்லாம் ஒரு வாரமாகத் தனித்தனியாகப் பேசி முடித்துவிட்டுத்தான் எங்கள் ஊரில் கூட்டமே போடுவார்கள்.

அரிமுரா கணினியில் தட்டி, தீர்மானத்தை ஒரே தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தார். மணி மூன்று. கீழே பதினைந்து கட்டங்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் அந்தக் கூட்டத்தின் உண்மையான வேலை.

இடது ஓரக் கட்டம் தலைவருடையது. அவர் தன் பெயர் பொறித்த முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி நேராக வைப்பார். அடுத்தவர் தன்னுடையதைத் தலைவர் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கவேண்டும். முத்திரையும் குனிந்து வணங்குகிற மாதிரி தெரியவேண்டும் அல்லவா? அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம். பதவி குறையக் குறையச் சாய்வு கூடும். ஒவ்வொருவரும் பக்கத்து முத்திரையை உற்றுப் பார்த்து, மூச்சைப் பிடித்து, பொறுமையாக வைத்தார்கள். வங்கிக்காரர் வேறு தாளில் மூன்று தடவை பழகிப் பார்த்தார். எல்லார் கண்ணும் கட்டத்தில். மேலே இருந்த எழுத்துக்கு ஒரு கண்ணும் போகவில்லை.

பதினான்காவது குருமிசாவா. கடைசிக் கட்டம் எனக்கு. என் முத்திரை கிட்டத்தட்டப் படுத்தே விடவேண்டும். நேரம் கடத்துவதற்காகத்தான் தாளை மேலிருந்து படித்தேன்.

"ஏழாம் எபிசோடில் கமலா ஆரஞ்சு உரிக்கும் பதினோரு நொடிக் காட்சி, ஓகிசேயை உண்மையாகக் காட்டுவதால், எந்த மாற்றமும் இன்றி டிஸ்க்கில் அப்படியே இருக்கவேண்டும் என்று பேரவை ஒருமனதாகக் கோருகிறது. மேலும், பேரவையின் பதினான்கு அமைப்புகளும் தங்கள் பெயர்களை மனமுவந்து விட்டுக்கொடுக்கின்றன. அந்த இடத்தில், விடுபட்டுப்போன ஓவியர் அரிமுரா சுசுனோவின் பெயர் இடம்பெறவேண்டும்."

மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது. அரிமுரா தலையைக் குனிந்து தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

"என்ன நுகாதா-சான், படிக்கிறீங்களா?" என்றார் குருமிசாவா. பதினான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் யாரும் அப்படிச் செய்து அவர்கள் பார்த்ததில்லை போல.

"இல்லை இல்லை. என் முத்திரை எவ்வளவு சாயணும்னு யோசிக்கிறேன்."

"நல்ல பழக்கம்" என்றார் அவர். நான் முத்திரையைப் படுக்க வைத்தேன்.

குருமிசாவா தாளை ஃபேக்ஸ் இயந்திரத்தில் வைக்கப் போனபோது தலைவர் கையை உயர்த்தினார். "நில்லு. அதை இங்கே கொண்டா."

மணி மூன்று முப்பத்தைந்து. தலைவர் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கண்ணுக்கு நேராகப் பிடித்தார். நெற்றி சுருங்கியது. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒன்பது பேர், ஒரு பெண்ணின் வேலை, பதினோரு நொடி, எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அரிமுரா அடுக்கி முடித்த கோப்பைகளையே மறுபடி எடுத்து அடுக்கினார்.

"குருமிசாவா" என்றார் தலைவர் மெதுவாக. "இது என்ன?"

"ஐயா?"

"என்கிட்டயே இப்படிப் பண்ணிட்டியே. இருபது வருஷமா உன்னை நம்பினேனே!"

குருமிசாவா வெளிறிப்போய் எட்டிப் பார்த்தார். தலைவரின் விரல் பதினான்காம் கட்டத்தில் நின்றது.

"உன் முத்திரை நேரா நிக்குது!"

அறையே மூச்சை இழுத்தது. உண்மைதான். குருமிசாவாவின் முத்திரை, தலைவருடையதைப் போலவே, நிமிர்ந்து நின்றது. மனிதர் அப்படியே மடிந்துவிட்டார். கோணமானி வைத்துப் பார்த்திருந்தால் தொண்ணூறு பாகை இருந்திருக்கும். "கை தவறிருச்சு ஐயா, கை தவறிருச்சு!" என்று அழாத குறை. இந்தத் தாள் செல்லாது, புதிதாக அச்சடித்து எல்லோரும் மறுபடி வைக்கவேண்டும் என்று கல்விக் குழு அம்மாள் சொன்னார்.

"அரிமுரா! சீக்கிரம்! அதையே இன்னொண்ணு!" என்று குருமிசாவா கத்தினார்.

"அதையேவா ஐயா?"

"அதையேதான்! ஒரு எழுத்து மாறக் கூடாது!"

ஒரு எழுத்தும் மாறவில்லை. பதினான்கு முத்திரைகளும் மறுபடி வரிசையாகக் குனிந்தன. குருமிசாவாவுடையது பயத்தில் என்னுடையதைவிட அதிகமாகப் படுத்துவிட்டது. அதைத் தலைவர் ரசித்தார். மூன்று ஐம்பத்தாறுக்குத் தாள் ஃபேக்ஸில் டோக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

நாலு மாதம் கழித்து டிஸ்க் வந்தது. மஞ்சூக் கடை இல்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பதினான்கு அமைப்புகள் இருந்த இடத்தில் 'அரிமுரா சுசுனோ' என்று தனியாக ஒரு பெயர் ஏறி வந்தது. டோக்கியோ பத்திரிகை ஒன்று, தன் பெயரையே விட்டுக்கொடுத்து ஓவியருக்கு மரியாதை செய்த அபூர்வமான ஊர் என்று எழுதிவிட்டது. பேரவை அவசரமாகக் கூடியது. பதினான்கு பேரும் தீர்மானத்தை எடுத்துப் பார்த்தார்கள். முத்திரைகள் எல்லாம் சரியான சாய்வில் இருந்தன. ஆகவே அதில் தவறு இருக்க வழியே இல்லை. தான் அப்போதே அப்படித்தான் நினைத்ததாகத் தலைவர் சொன்னார்; அவரைத் தொடர்ந்து பதவி வரிசைப்படி எல்லோரும் அப்படியே நினைத்திருந்தார்கள். இப்போது மூன்றாம் கட்டடத்து வாசலில் தலைவர் மஞ்சூ விற்கிறார். காமபோகோவை வெட்டினால் கமலா ஆரஞ்சு தெரிகிறது. ஒன்பது பேரும் வேலையில் இருக்கிறார்கள்.

என் இணையப் பக்கத்தில் நான் போட முடிந்தது ஒத்திசைந்த கருத்து மட்டும்தான்: "'கடல்முடிச்சு' ஒரு அனிமே." குளியலைப் பற்றி அவர்கள் ஒன்றும் தீர்மானம் போடவில்லை என்பதால், கீழே அதையும் சேர்த்தேன்: ஒரு மணி ஐந்து நிமிடம்.

மறுநாள் நகராட்சிக்குப் போய் அரிமுராவைப் பார்த்தேன். "பார்த்தேன்" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்தார். "எட்டாவது நொடியில மோதிர விரலைக் கவனிச்சீங்களா? கொஞ்சம் நீளமாயிருச்சு. போட்டுப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு உறுத்துது."

"எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. அடுத்த பதிப்புல திருத்தலாம்னு டோக்கியோவுல சொல்றாங்க." ஒரு ஆரஞ்சை எடுத்து அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். "பேரவையோட தீர்மானம் மட்டும் இருந்தாப் போதுமாம்."

"ஐயோ, வேண்டாம் தாயே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து குருமிசாவா கோணமானியோடு ஓடி வந்தார்.